ஹன்சாவை வாங்கப்போவது யார்?

பெங்களூருவின் தேசிய வான்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா, இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானம். அது முதன்முதலில் பறந்தது 1993 நவம்பரில். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் சான்று கிடைத்தது 2000ல். ஓசூரில் ஒரு தனியார் ஆலை அதைத் தயாரித்தது. சில பயிற்சிக் கழகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் கட்டப்பட்டவற்றின் எண்ணிக்கை இருபதைக்கூடத் தொடவில்லை. விமானியாக விரும்பும் நம் பிள்ளைகள் இன்றும் பெரும்பாலும் வெளிநாட்டு விமானங்களில்தான் கைபழகுகிறார்கள்.

வடிவமைப்பும் சான்றும் இருந்தன. தொடர்ந்து வாங்குவோர்தான் இல்லை.

அதே ஆய்வகத்தின் 'திருஷ்டி' கருவியின் கதை வேறு. ஓடுபாதை ஓரத்தில் ஒரு கம்பத்திலிருந்து ஒளிக்கற்றை கிளம்பும். எதிரேயுள்ள கம்பம், பனிமூட்டத்தைத் தாண்டி அது எவ்வளவு மங்கி வந்திருக்கிறது என்று அளக்கும். விமானிக்கு எத்தனை மீட்டர்வரை ஓடுபாதை தெரியும் என்பதை அந்த அளவு சொல்லிவிடும். இந்திய வானிலை ஆய்வுத் துறையே கூட்டாளியாக நின்றதால், இறக்குமதிக் கருவிகளை நம்பியிருந்த விமான நிலையங்களுக்குள் திருஷ்டி நுழைய முடிந்தது.

சந்தை பிடிப்பது விஞ்ஞானியின் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இன்றைய நாசாவின் முன்னோடியான நாகா எந்த விமானத்தையும் விற்றதில்லை. ஆனால் 1926 முதல் ஆண்டுதோறும் விமானத் தயாரிப்பாளர்களை வர்ஜீனியாவிலுள்ள தன் லாங்லி ஆய்வகத்துக்கு அழைத்து, அவர்களுடைய தலைவலி என்ன என்று கேட்டது. அந்நாளில் இன்ஜின் சிலிண்டர்கள் வெளியே துருத்திக்கொண்டு நின்று காற்றைத் தடுத்தன. அவற்றுக்கு லாங்லி செய்த உலோக உறையை மாட்டியதும், கர்டிஸ் ஹாக் விமானத்தின் வேகம் மணிக்கு 118 மைலில் இருந்து 137 மைலானது. முடிவுகளை 1928லேயே நாகா வெளியிட்டது. தயாரிப்பாளர்கள் பாய்ந்து எடுத்துக்கொண்டார்கள். உறையின் தேவையை ஆய்வகத்துக்குச் சொன்னதே தொழில்துறைதான்.

2021 செப்டம்பரில் பறந்த புதிய தலைமுறை ஹன்சாவும் இப்போது தயாரிப்புக்காகத் தனியாரிடம் போகிறது. ஒப்பந்தக் கையெழுத்தையும் பூங்கொத்துப் படத்தையும் தொழில்நுட்ப மாற்றம் என்று கணக்கெழுதும் வழக்கத்தை மத்திய அரசு இத்துடன் கைவிட வேண்டும். பயிற்சிக் கழகங்களுக்கான முதல் கொள்முதலை எண்ணிக்கையோடும் பணத்தோடும் அரசே உறுதிசெய்யட்டும். வடிவமைத்த பொறியாளர்களில் சிலரை, பணிமூப்பு குறையாமல், இரண்டு ஆண்டுகளுக்கு ஆலைக்கு அனுப்பட்டும். உதிரிபாகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் தனி நிதி ஒதுக்கட்டும். திட்டத்தின் வெற்றியை, கழகங்களில் ஹன்சா பறந்த மணிநேரத்தை வைத்து ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் சொல்லட்டும்.