லாரியில் மணிக்கு இடம் இல்லையா?

குழந்தைகளே, ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் சேந்தமங்கலத்தில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் லாரி வந்து நிற்கும். நாமக்கல் மாவட்டத்தில் லாரிக்கா பஞ்சம்? அந்தக் குடும்பம் வெளியூருக்குக் குடிபோகிறது என்று அர்த்தம். பீரோ ஏறும், கிரைண்டர் ஏறும், துளசிச் செடிகூட ஏறும். வீட்டு நாய் மணி மட்டும் கீழே நின்று வாலாட்டிக் கொண்டிருக்கும்.

'அது எப்படியும் பிழைத்துக் கொள்ளும்' என்பார்கள் பெரியவர்கள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் தெருவிலிருந்து ஒரு குடும்பம் நாக்பூருக்குப் போனது. ஏழு வருஷம் தயிர்ச்சோறு தின்று வளர்ந்த அவர்கள் வீட்டு நாய், பூட்டிய கேட்டுக்கு முன்னால் இருபது நாள் படுத்துக் கிடந்தது. நாங்கள் சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக் கொள்ளும். தெரு நாய்களோடு சண்டை போடவும் தெரியாது, குப்பையில் தேடவும் தெரியாது. கடிபட்டு நொண்டியது. பிறகு அதைக் காணோம். பசியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

'ஒன்று என்றால் சரி, எங்கள் வீட்டில் இரண்டு நாய், மூன்று பூனை, நாலு கோழி இருக்கிறதே' என்பீர்கள். 2022-இல் உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கே படித்த நம் நாட்டு மாணவர்கள் சிலர் தங்கள் நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கொட்டும் குளிரில் எல்லை வரை கையில் தூக்கி வந்தவர்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து பிராணிகளைக் கொண்டுவர நிறையச் சான்றிதழ்கள் வேண்டும். குண்டு விழும் ஊரில் அவற்றுக்கு எங்கே போவது? இந்திய அரசு அந்த ஒரு முறைக்கு மட்டும் விதிகளைத் தளர்த்தியது. 'ஆபரேஷன் கங்கா' விமானங்களில் அவையும் வந்து இறங்கின. அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா புயல் அடித்தபோது, பிராணிகளை விட்டு வர மனமில்லாமல் வெள்ளத்திலேயே தங்கிவிட்டவர்கள் பலர். மறு ஆண்டே, மீட்புத் திட்டத்தில் வீட்டுப் பிராணிகளுக்கும் இடம் வேண்டும் என்று அங்கே சட்டம் செய்தார்கள். போரிலும் வெள்ளத்திலும் முடிந்தது, நம் வாசலில் நிற்கும் லாரிக்கு முடியாதா?

ஆனால், பிரியம் மட்டும் போதாது. கோழியை எப்படிக் கொண்டுபோவது என்று நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கறிக்கோழி லாரிகள் இரவில் போவதைப் பார்த்திருப்பீர்கள். கோழிக்கு வியர்க்காது, வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கித் துவண்டுவிடும். இருட்டில் அமைதியாகவும் இருக்கும். நாய்க்கும் பூனைக்கும் சூடு ஆகாது. வெயிலில் நிற்கும் காரைச் சாத்தி வைத்தால் பத்தே நிமிடத்தில் உள்ளே 10 டிகிரி வரை சூடு ஏறிவிடும். டீ குடிக்க இறங்கும்போது அவற்றை உள்ளே பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

பூனைகளுக்குத் தனித்தனிக் கூடை வேண்டும். ஒன்றாகத் தூங்கும் பூனைகள்கூடப் பயந்துவிட்டால் ஒன்றையொன்று பிறாண்டும். புறப்படும் அன்று கூடை வாங்கிப் பயனில்லை. மூன்று வாரம் முன்பே பழைய துணி விரித்து வீட்டில் வையுங்கள். பூனை தானாகவே போய்ப் படுக்கும். இந்த வேலைக்கு உங்களைப் போல் பொறுமை வீட்டில் வேறு யாருக்கும் இராது! புது ஊரிலும் இரண்டு, மூன்று வாரம் வெளியே விடக்கூடாது. விட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும்.

ரயில் என்றால், ஏ.சி. முதல் வகுப்பில் ஒரு கூபே முழுவதையும் எடுத்தால் நாய் உங்களோடு வரலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில்தான். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும், கால்நடை மருத்துவர் சான்றும் கையில் இருக்கட்டும். பச்சைக்கிளி கதை வேறு. அதைக் கூண்டில் வளர்ப்பதே சட்டப்படி தவறு, வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

எல்லாவற்றையும் கூட்டிப்போயே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வயதான நாய் இரண்டு நாள் பயணத்தைத் தாங்காது. பசுவை நகரத்து மாடி வீட்டில் எங்கே கட்டுவது? தெரிந்த வீட்டில் விடலாம். ஆனால், லாரி கிளம்பும் நாளில் விடாதீர்கள். ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் நாயை அங்கே அழைத்துப் போய், அந்த வீட்டுக்காரர் கையால் சோறு போடச் சொல்லுங்கள். அது படுக்கும் சாக்கையும், தின்னும் தட்டையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.