கொடைக்குப் பாடின மைக், கிட்டாருக்கும் பாடுமா?

கிட்டார் ஆம்ப்பை ரெக்கார்ட் பண்ண 'விண்டேஜ் மைக்' தேடி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நெட்ல அலையுற ஃப்ரெண்ட் உங்க ஹாஸ்டல்லயும் ஒருத்தன் இருப்பான். எங்க சீனியர்ஸ் பேண்டுக்கும் இதே வியாதிதான். காலேஜ் முடியுறதுக்குள்ள சொந்தப் பாட்டு ஒண்ணு பதிவாகணும். அப்புறம் ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வேலை. கையில இருக்குற காசுக்கு ஒரே ஒரு மைக்தான். அது எது?

இந்த ஏரியாவுல பெரிய பேர் வாங்கினதெல்லாம் சாதாரண டைனமிக் மைக்குகள்தான் பாஸ்! அமெரிக்காவோட ஷூர் கம்பெனி 1959-ல 'யூனிடைன் 3'னு ஒரு டிசைன் கொண்டு வந்தாங்க. அதுல பொறந்தது 545. அதோட தம்பி, 1965-ல வந்த எஸ்.எம்.57. அமெரிக்க அதிபர் பேசுற மேடையில ஜோடியா நிக்குமே, அதேதான். ஜெர்மனியோட சென்ஹைசர் எம்.டி.421-ம் 1960 வாக்குல வந்த டைனமிக்தான்.

ஏன் இதுங்க போதும்? 12 இஞ்ச் கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டினதும் சடசடன்னு இறங்கிடும். கிட்டாரோட தடிச்ச கம்பி 82 ஹெர்ட்ஸ். எஸ்.எம்.57 பிடிக்கிறது 40-ல இருந்து 15,000 வரை. ஸ்பீக்கர் அனுப்பாத சத்தத்தைப் பிடிக்க காஸ்ட்லி கண்டன்ஸர் எதுக்கு? அந்தக் காசுக்கு ஹாஸ்டல் மெஸ் பில் கட்டலாம்.

இப்ப நம்ம சேரன்மகாதேவிக்கு வருவோம். கொடை விழா வந்தா மைக் செட் இல்லாம முடியுமா? வில்லுப்பாட்டுல வில், குடம், உடுக்கு எல்லாத்தையும் பக்கத்துல இருந்து வாங்கி, குழாய் ஸ்பீக்கருக்கு அனுப்பினது இதே மாதிரி டைனமிக் மைக்குதான். இன்னைக்கு கார்ட்லெஸ் வந்தாச்சு. பழசெல்லாம் தகரப் பெட்டியில தூங்குது. "எடைக்குப் போட வச்சிருக்கேன், இதைப் போயி கேக்கியே தம்பி!"னு அண்ணாச்சி சிரிச்சார். பழைய இரும்புக்கடைக்குப் போறதுக்குள்ள நாம முந்திக்கணும்.

அதுக்காக, பழசுன்னாலே பொக்கிஷம்னு நினைச்சுடாதீங்க. வயசு ஒரு மைக்குக்கு டோனைக் கொடுக்காது. துருதான் கொடுக்கும்! மேல 'ஷூர்'னு எழுதியிருந்தாலும் நம்பிடாதீங்க, டூப்ளிகேட் நிறைய. போகும்போது லேப்ல இருக்குற மல்டிமீட்டரைக் கொண்டு போங்க (சார்கிட்ட கேட்டுட்டு!). மீட்டர் ஒண்ணுமே காட்டலைன்னா காயிலோ ஒயரோ அறுந்திருக்கு. நூறு, இருநூறு ஓம்ஸ்னா லோ இம்பீடன்ஸ், நேரா ஆடியோ இன்டர்ஃபேஸோட மைக் இன்புட்ல சொருகலாம். ரொம்ப மேல போனா ஹை இம்பீடன்ஸ். ஒத்தை ஜாக் வச்ச பழைய மைக்குகள்ல இதான் நிறைய. அதை மைக் இன்புட்ல சொருகினா சத்தம் செத்த மாதிரி வரும். உடனே மைக்கைத் திட்டாதீங்க. கிட்டார் சொருகுற இன்புட்ல மாத்திப் பாருங்க. கேபிள் மட்டும் குட்டையா இருக்கணும், நீளமாச்சுன்னா மேல்சத்தம் மழுங்கிடும்.

அப்புறம் வலையைக் கழட்டி உள்ள பாருங்க. பழைய பஞ்சு பொடிப்பொடியா உதிர்ந்திருக்கும். காந்தம் இருக்குறதால இரும்புத் தூளும் போய் ஒட்டியிருக்கும். ரெண்டுமே சத்தத்தைக் கெடுக்கும்.

ரிப்பன் மைக் எங்கேயாவது சிக்கினா? ஆம்ப்புக்கு அருமையா இருக்கும். ஆனா உள்ள இருக்குறது சில மைக்ரான் தடிமன்ல அலுமினியத் தகடு. நம்ம ஊர் வழக்கப்படி "ஹலோ மைக் டெஸ்டிங்... ஃபூ..."னு ஊதினீங்கன்னா கதை முடிஞ்சது. மல்டிமீட்டர் வைக்கவே கூடாது. ஒயரிங் சரியில்லாம 48 வோல்ட் ஃபேன்டம் பவர் போனாலும் காலி. ஒரே மைக் வாங்குற கோஷ்டிக்கு என் ஓட்டு டைனமிக்குக்குத்தான்.

வாங்கியாச்சா? ஸ்பீக்கர் வலையை ஒட்டி வைங்க. நடு மூடிக்கு நேரா வச்சா சுருக்னு குத்தும். ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த சத்தம் கனியும். ஒருத்தர் வாசிக்க, இன்னொருத்தர் ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு விரல்கடை விரல்கடையா நகர்த்திப் பாருங்க. காசு குடுத்து வாங்குற வித்தியாசத்தைவிட இதுல கிடைக்கிறது பெருசு.

ஒண்ணு மட்டும். அண்ணாச்சிகிட்ட பேரம் பேசும்போது 'விண்டேஜ்'ங்கிற வார்த்தையை மட்டும் எடுத்துடாதீங்க. எடைக்குப் போற மைக் ஏலத்துக்குப் போயிடும்!