கண்ணாடியில் பிள்ளை காண்பது வேறு

சில வருடங்களுக்கு முன் எமது சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். தனது மூக்கு கோணலாக இருப்பதாகவும், சத்திரசிகிச்சைக்குக் கடிதம் தரும்படியும் கேட்டார். நான் பார்த்தேன். எந்தக் கோணலும் இல்லை. "தம்பி, உம்மட மூக்கில ஒண்டுமில்லை. போய்ப் படிப்பைப் பாரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பி வந்தவர்களுக்கு, மூக்குக்காக அழுகிற பிள்ளையை விளங்கிக்கொள்வது கடினம்தான். ஆனால் நான் சொன்ன பதில் பிழையானது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது கோணலாகத்தான் தெரிந்தது.

இந்த நோயை 'உடல் தோற்றப் பிறழ்வு' என்று சொல்லலாம். ஆங்கில எழுத்துகளில் பீ.டீ.டீ. என்பார்கள். இது இன்றைய நாகரிகத்தின் புது வியாதி அல்ல. 1891ஆம் ஆண்டிலேயே மொர்செல்லி என்ற இத்தாலிய வைத்தியர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். ஆண் பிள்ளைகளுக்கும் வரும்.

நாம் கண்ணால் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் கண் அனுப்பும் தகவலைக் கொண்டு படத்தை உருவாக்குவது மூளை. அது ஒரு முகத்தை இரண்டு விதமாகப் பார்க்கிறது. ஒன்று, முழு உருவம். மற்றது, மரு, சுருக்கம், மயிர்த்துளை போன்ற நுண்ணிய விபரம். கலியாண மண்டபத்தின் மறுகோடியில் நிற்கும் உறவினரை நீங்கள் சட்டென்று அடையாளம் காண்பது முழு உருவத்தை வைத்துத்தான்.

அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வைத்தியர் ஜேமி ஃபொய்ஸ்னர் குழுவினர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோயாளிகளுக்கு வேறு மனிதர்களின் முகப் படங்களைக் காட்டி, எம்.ஆர்.ஐ. ஸ்கான் மூலம் மூளையைக் கவனித்தார்கள். நுண்ணிய விபரங்கள் நீக்கப்பட்ட மங்கலான படங்களைப் பார்க்கும்போதுகூட, விபரங்களைத் தேடும் இடப்பக்க மூளைப் பகுதிகள் அவர்களில் கூடுதலாக வேலை செய்தன. 2010இல் அவர்களது சொந்த முகத்தையே காட்டியபோது, முழு உருவத்தைக் கையாளும் பகுதிகளின் செயற்பாடு குறைந்திருந்தது. 2011இல் வீடுகளின் படங்களைக் காட்டியபோதும் வித்தியாசம் தெரிந்தது. அதாவது, இது வெறும் அழகு பற்றிய கவலை அல்ல. பார்வையைக் கையாளும் முறையே மாறியிருக்கிறது. இந்த மாற்றம் நோய்க்குக் காரணமா, அல்லது நோயின் விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை.

எனவேதான் "நீ வடிவாத்தானே இருக்கிறாய்" என்ற ஆறுதல் பத்து நிமிடம்கூட நிலைப்பதில்லை. ஏச்சும் பயன்படாது. அழகுச் சத்திரசிகிச்சையும் பெரும்பாலும் தீர்வு தராது. கவலை அப்படியே இருக்கும், அல்லது உடலின் வேறொரு இடத்துக்கு மாறும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

- மணிக்கணக்காகக் கண்ணாடி முன் நிற்பது, அல்லது கண்ணாடியையே தவிர்ப்பது
- தொப்பி, மேக்கப், தலைமயிர் ஆகியவற்றால் முகத்தை மறைப்பது
- தோலைக் கிள்ளிக்கொண்டே இருப்பது
- படம் எடுக்க மறுப்பது, பாடசாலைக்கோ கொண்டாட்டங்களுக்கோ போக மறுப்பது
- "தசை போதாது" என்று அளவுக்கு மீறி ஜிம்முக்குப் போவது

கவலை முழுவதும் நிறையைப் பற்றியதாக இருந்து, சாப்பாட்டையும் குறைத்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அதையும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இதற்குச் சிகிச்சை உண்டு. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. கண்ணாடிக்குக் கிட்டப் போய் ஒரு புள்ளியையே உற்றுப் பார்க்காமல், சற்றுத் தள்ளி நின்று முழு உருவத்தையும் பார்க்கப் பழக்குவதும் இதில் அடங்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் உதவும். அவை முழுப் பயன் தர மூன்று மாதம்வரை செல்லலாம். உங்கள் ஜீ.பி.யிடம் "முகத்தில் குறை" என்று மட்டும் சொல்லாமல், ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் இதில் போகிறது என்று சொல்லுங்கள். இந்த நோயாளிகளிடையே தற்கொலை எண்ணம் அதிகம். பிள்ளை அப்படிப் பேசினால் அதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். உடனடி ஆபத்து என்றால் 999ஐ அழையுங்கள். யாருடனாவது பேச வேண்டுமென்றால் சமரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 இலக்கம் இரவும் பகலும் இலவசம்.

கடைசியாக, எமது பழக்கம் ஒன்று. மண்டபத்தில் ஒரு பிள்ளையைக் கண்டவுடன் "என்ன கறுத்துப் போனாய்?", "நல்லா மொத்திட்டாய்" என்கிறோம். அன்பாகத்தான் கேட்கிறோம். அந்த ஒரு சொல் மட்டும் இந்த நோயைக் கொண்டுவராது. ஆனால் சிறுவயதில் கேட்ட கேலியை மறக்காத நோயாளிகள் பலர். ஏற்கெனவே ஒரு குறையையே தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நாம் ஏன் இன்னொன்றைக் காட்டிக் கொடுக்க வேண்டும்? "எப்படிப் பிள்ளை, சுகமே?" என்று கேட்டால் போதும்.