நான் டெலீட் செய்த ஸ்லைடு

எல்கேஜி முதல் பன்னிரண்டாவது வரை இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் நான். தமிழில் நான் எழுதும் முதல் நீளமான கட்டுரை இதுதான். ஒற்றுப்பிழை இருந்தால் மன்னிச்சுடுங்க, விஷயத்தை மட்டும் கடைசி வரை படிங்க.

போன செமஸ்டரில் டிபார்ட்மென்ட் செமினாருக்கு நான் எடுத்த தலைப்பு, மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் இருக்கும் அகோசோம்போ அணையின் நீர்மின் நிலையம். மொத்தம் 22 ஸ்லைடு. டர்பைன், ஜெனரேட்டர், டிரான்ஸ்மிஷன் லைன் எல்லாம் பக்காவா ரெடி. 14வது ஸ்லைடின் தலைப்பு மட்டும் கொஞ்சம் வேற மாதிரி: "இந்த மின்சாரம் யாருக்கு?"

ரிவ்யூவில் அதைப் பார்த்ததும், "இது சோஷியல் கிளாஸ் இல்லப்பா, டெக்னிக்கலா மட்டும் பேசு"ன்னு சொல்லிட்டாங்க. நானும் மறுபேச்சு பேசல. அங்கேயே டெலீட் பண்ணிட்டு 21 ஸ்லைடோட செமினார் கொடுத்தேன். நல்ல மார்க்கும் வந்துச்சு. ஆனால் அந்த ஸ்லைடுதான் அந்த அணையைப் பற்றிய உண்மையான டெக்னிக்கல் விஷயம்னு எனக்கு இப்போ தோணுது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல மேப்பைத் திறங்க

"ஆப்பிரிக்கா" என்று ஒரே நாடு மாதிரி பேசுறது நம்ம எல்லாருக்கும் பழக்கம். கானாவை மேப்பில் தொட்டுக் காட்டச் சொன்னால் எத்தனை பேர் காட்டுவோம்? ஒரு சின்ன வழி இருக்கு. லண்டனில் கிரீன்விச் வழியாகப் போகும் பூஜ்ஜிய தீர்க்கரேகையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தெற்கே வாங்க. ஆப்பிரிக்கக் கண்டம் முடிந்து கடல் ஆரம்பிக்கிற இடத்தில் டேமா என்ற துறைமுக நகரம் வரும். அதுதான் கானா. மேற்கே ஐவரி கோஸ்ட், கிழக்கே டோகோ, வடக்கே புர்கினா ஃபாசோ, தெற்கே கினி வளைகுடா. தலைநகர் அக்ரா, டேமாவுக்குப் பக்கத்திலேயே இருக்கு.

தெற்குப் பக்கம் மழை, காடு, கோகோ தோட்டங்கள். வடக்கே போகப் போக வறண்ட புல்வெளி. உலகத்தின் கோகோவில் பாதிக்கும் மேல் கானாவும் ஐவரி கோஸ்ட்டும் சேர்ந்து விளைவிப்பது. நீங்க சாப்பிடும் சாக்லேட்டில் இந்த மண் கொஞ்சம் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. புர்கினா ஃபாசோவிலிருந்து வரும் கறுப்பு வோல்டா, வெள்ளை வோல்டா என்ற இரண்டு ஆறுகள் கானாவுக்குள் ஒன்றாகச் சேர்ந்து கடலை நோக்கி ஓடும். போகிற வழியில் அகோசோம்போ என்ற இடத்தில் மலைகளுக்கு நடுவே ஒரு குறுகிய பள்ளத்தாக்கு. 1915லேயே ஆல்பர்ட் கிட்சன் என்ற பிரிட்டிஷ் அரசின் நிலவியலாளர் இதைப் பார்த்து, இங்கே அணை கட்டலாம்னு சொல்லிவிட்டார். பக்கத்து மலைகளில் பாக்சைட்டும் கிடைச்சது. ஆறு, மின்சாரம், பாக்சைட் மூணையும் சேர்த்தால் அலுமினியம். ஐடியா அவ்வளவுதான்.

கனவு கண்டவர்

அப்போது அந்த நாட்டுக்குப் பெயர் கோல்டு கோஸ்ட், பிரிட்டிஷ் காலனி. 1948 பிப்ரவரி 28 அன்று, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் பர்மா வரை போய்ச் சண்டை போட்ட முன்னாள் ராணுவத்தினர், வரவேண்டிய சலுகைகளைக் கேட்டு அக்ராவில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். ஊரே பற்றி எரிந்தது. அடுத்த வருஷம் குவாமே இன்க்ருமா தனிக்கட்சி ஆரம்பித்தார். 1951 தேர்தலில் ஜெயிலில் இருந்தபடியே ஜெயித்தார். 1957 மார்ச் 6, சுதந்திரம். சஹாராவுக்குத் தெற்கே ஐரோப்பிய ஆட்சியிலிருந்து விடுபட்ட ஆரம்ப நாடுகளில் ஒன்று. 1960 ஜூலை 1 முதல் குடியரசு. "கானா" என்பது பல நூற்றாண்டுகளுக்கு முன் வடமேற்கே தூரத்தில் இருந்த ஒரு பழைய பேரரசின் பெயர். புது நாட்டுக்குப் பழைய பெருமையை எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள்.

கோகோவை மட்டும் நம்பி இருந்தால், அதன் விலையை எங்கேயோ இருக்கும் மார்க்கெட் தீர்மானிக்கும். தொழிற்சாலை வேணும், அதுக்கு மின்சாரம் வேணும், அதுக்கு அணை வேணும். இது இன்க்ருமாவின் கணக்கு. தப்பே இல்லாத கணக்கு.

காசுதான் இல்லை. உலக வங்கி, அமெரிக்கா, பிரிட்டன் கடன் தரத் தயார், ஒரு நிபந்தனையோடு: மின்சாரத்தை மொத்தமாக வாங்க ஒரு நிச்சயமான ஆள் வேணும். அந்த ஆளாக வந்தது அமெரிக்காவின் கைசர் அலுமினியம் கம்பெனி. ரெனால்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து வால்கோ என்ற பெயரில் டேமாவில் அலுமினிய ஆலை அமைத்தார்கள். கைசருக்கு 90 சதவீதம், ரெனால்ட்ஸுக்கு 10.

இங்கேதான் கால்குலேட்டர் வேணும்

வால்கோவுக்கு ஆரம்பத்தில் பேசப்பட்ட விலை, ஒரு யூனிட்டுக்கு 2.625 மில். ஒரு மில் என்றால் ஒரு டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. போட்டுப் பாருங்க: ஒரு டாலருக்குச் சுமார் 380 யூனிட்!

ஒரு டன் அலுமினியம் உருக்கித் தயாரிக்க ஏறக்குறைய 15,000 யூனிட் தேவை. ஆலையின் முழுத்திறன் வருஷத்துக்கு 2 லட்சம் டன். அப்படின்னா 300 கோடி யூனிட். வருஷத்தின் 8,760 மணி நேரத்தால் வகுத்தால், இரவு பகல் நிற்காமல் சுமார் 340 மெகாவாட். அணையின் நிறுவுதிறன் அப்போது 912 மெகாவாட், ஆனால் எந்த நீர்மின் நிலையமும் வருஷம் முழுக்க முழுத்திறனில் ஓடாது. நடைமுறையில் பல வருஷங்கள் அணையின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் அந்த ஒரே ஆலைக்குப் போனது.

சரி, பாக்சைட்டாவது கானாவுடையதா? அதுவும் இல்லை. உள்ளூர் பாக்சைட்டை அலுமினாவாக மாற்றும் ஆலை கட்டப்படவே இல்லை. அலுமினா வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது, அலுமினியமாகி வெளியே போனது. கானா கொடுத்தது ஆற்றையும் மலிவு கரண்டையும். 1915ல் கிட்சன் பார்த்த மூணில் ஒண்ணு, பாக்சைட், மலையிலேயே தூங்கிடுச்சு.

ஏரிக்கு அடியில் என்ன இருக்கு?

அணைக்குப் பின்னால் உருவான வோல்டா ஏரியின் பரப்பு சுமார் 8,500 சதுர கிலோமீட்டர். மனிதன் உருவாக்கிய ஏரிகளில், பரப்பளவில் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. இந்த வரி என் செமினாரில் இருந்தது. அடுத்த வரி இல்லை: அந்த ஏரிக்காக 700க்கும் மேற்பட்ட கிராமங்களைச் சேர்ந்த சுமார் 80,000 பேர் ஊரைக் காலி செய்தார்கள். 52 புதுக் குடியிருப்புகளில் அவர்களுக்குக் கொடுத்தது, ஒரு அறை மட்டும் கட்டி முடித்த வீடு. மீதியை நீங்களே கட்டிக்கோங்க என்று விட்டார்கள். தேங்கிய தண்ணீரில் நத்தைகள் பெருகி, அவற்றால் பரவும் ஒட்டுண்ணி நோய் கரையோரக் குழந்தைகளைப் பிடித்தது. ஊரை விட்டுக் கொடுத்தவர்களில் பலருக்கு, அந்த அணையின் மின்சாரமே பல வருஷம் கழித்துத்தான் வந்தது.

1966 ஜனவரி 22 அன்று இன்க்ருமா அணையைத் திறந்து வைத்தார். சரியாக 33 நாள் கழித்து, பிப்ரவரி 24 அன்று, அவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவர் கடைசி வரை ஊர் திரும்பவில்லை. 1972ல் ருமேனியாவில் இறந்தார்.

அப்போ அணையே கட்டியிருக்கக் கூடாதா?

இந்தக் கேள்வி உங்களுக்கு வரும், எனக்கும் வந்தது. என் பதில்: கட்டியிருக்கணும். இன்றைக்கும் கானாவின் மலிவான மின்சாரத்தில் பெரும்பங்கு இந்த அணைதான் தருது. டோகோ, பெனின் நாடுகளுக்கும் இங்கிருந்து கரண்ட் போயிருக்கு. இன்று கானாவில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மின்இணைப்பு இருக்கு. இதெல்லாம் அணை இல்லாமல் நடந்திருக்காது.

இன்க்ருமாவைத் திட்டுவதும் ஈஸி, கும்பிடுவதும் ஈஸி. வாங்க ஆள் இல்லாமல் கடன் கிடைக்காது, அது அவர் கையில் இல்லை. ஆனால் இன்னொரு விஷயம் அவர் கையில்தான் இருந்தது. 1958லேயே விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கும் சட்டம் கொண்டு வந்தார். "கானா" என்ற பெயரைப் பரிந்துரைத்தவர்களில் முக்கியமானவரான ஜே.பி. டான்குவா அதே சட்டத்தில் இரண்டு முறை அடைக்கப்பட்டு, 1965ல் சிறையிலேயே இறந்தார். 1964ல் நாடு ஒரே கட்சி ஆட்சியாக மாறியது. முப்பது வருஷ ஒப்பந்தத்தை எழுந்து நின்று கேள்வி கேட்கக்கூடியவர்கள் வெளியே இல்லாதபோது, ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று யார் சோதிப்பது? நாம டிசைனுக்கு செக்கிங் வைக்கிறோம் இல்லையா? ஒரு நாட்டுக்கு எதிர்க்கட்சிதான் அந்த செக்கிங்.

பிறகு நடந்ததைப் பாருங்க. 1972, 1978, 1979, 1981 என்று வரிசையாக ஆட்சிக் கவிழ்ப்புகள். 1985ல் ராலிங்ஸ் ஆட்சியில்தான் வால்கோ ஒப்பந்தத்தைத் திரும்பப் பேசி விலையை உயர்த்தினார்கள். அதற்கு முன் 1983ல் கடும் வறட்சி, ஏரி வற்றி, ஆலைக்கே மின்சாரத்தை நிறுத்த வேண்டி வந்தது. 1992ல் புது அரசியலமைப்பு. அதன்பின் ஒரு கவிழ்ப்புகூட நடக்கவில்லை. 2000, 2008, 2016, 2024 என்று நான்கு முறை ஆளுங்கட்சி தோற்று, ஆட்சி அமைதியாகக் கை மாறியது. 2024 டிசம்பரில் அதிகாரபூர்வ முடிவு வரும் முன்பே ஆளுங்கட்சி வேட்பாளர் பவுமியா போன் போட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டார்.

இதில் நம்ம சப்ஜெக்ட் எங்கே வருது? "டும்சோர்" என்று அங்கே ஒரு வார்த்தை. அக்கான் மொழியில் டும் என்றால் அணை, சோர் என்றால் ஏற்று. கரண்ட் போய்ப் போய் வருவதற்கு மக்கள் வச்ச பேர். 2012க்குப் பின் சில வருஷங்கள் டும்சோர் நாட்டை வாட்டியது. 2016 தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். அந்தத் தேர்தலில் தோற்ற மகாமாவே 2024ல் திரும்ப ஜெயித்தார், காரணம் இந்த முறை கடன், விலைவாசி. 2022ல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றிருந்தது. கானா சொர்க்கம்னு நான் சொல்லல. ஆனால் கரண்ட் இல்லை என்றால் ஓட்டு இல்லை என்று சொல்லும் உரிமை அங்கே இருக்கு.

2023ல் வந்த தண்ணீர்

கடைசியா ஒண்ணு. 2023 செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகமாகி ஏரி நிரம்பியது. அணையைக் காப்பாற்ற மதகுகளைத் திறந்தார்கள். அணைக்கு ஒண்ணும் ஆகல. கீழே மேப்பே போன்ற ஊர்கள் மூழ்கி, ஆயிரக்கணக்கானவர்கள் வீடு இழந்தார்கள். நம்ம பரீட்சையில் இதை எழுதினால், அணை பாதுகாப்பாக இயங்கியதுன்னு முழு மார்க் கிடைக்கும். மேப்பேயில் இருந்த ஒருத்தர் அந்தப் பேப்பரைத் திருத்தினால் எத்தனை மார்க் போடுவார்?

இதுதான் நான் சொல்ல வந்தது. யூனிட் விலை, எத்தனை பேர் இடம்பெயர்வார்கள், தண்ணீர் திறந்தால் யார் வீட்டுக்குள் போகும், இதெல்லாம் சோஷியல் சப்ஜெக்ட் இல்லை. டிசைனின் இன்புட். அதை விட்டுட்டுப் போட்ட கணக்கு பாதிக் கணக்கு. அகோசோம்போவில் பாறையும் கான்கிரீட்டும் இன்னும் உறுதியா நிக்குது. ஓட்டை விழுந்தது பேப்பரில்.

இன்னும் சில மாசத்தில் நாம வேலைக்குப் போவோம். சோலார் பார்க், டவர் லைன், ரோடு, ஏதோ ஒண்ணு. அங்கேயும் யாராவது "டெக்னிக்கலா மட்டும் பேசு"ன்னு சொல்வாங்க. அன்னைக்கு நான் மாதிரி வாயை மூடிக்கிட்டு டெலீட் பட்டனை அழுத்தாதீங்க. ஜூனியர்ஸ், உங்க செமினாருக்கு அகோசோம்போ வேணும்னா என்கிட்ட ஃபைல் இருக்கு, வாங்கிக்கோங்க. 22 ஸ்லைடும் இருக்கு.