சேற்றுக்கு யார் காசு கொடுப்பது?

பொருளைப் பார்த்து விலை வைப்பதில் போடிநாயக்கனூர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிற ஊர் அது. (இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் உள்ள புத்தடி.) ஏலக்காய் சாம்பிளைக் கையில் கொட்டி, 7 மி.மீ.யா 8 மி.மீ.யா, பச்சை நிற்கிறதா வெளுத்துவிட்டதா, ஒரு லிட்டர் அளவுக்கு எத்தனை கிராம் எடை என்று பார்த்த பிறகுதான் விலை. 2019 ஆகஸ்டில் புத்தடியில் கிலோ 7,000 ரூபாய் என்ற உச்சத்தைத் தொட்டபோதும் எல்லாக் காய்க்கும் அந்த விலை கிடைத்துவிடவில்லை. எல்லா லாட்டுக்கும் ஒரே ரேட் என்று எவராவது சொன்னால் ஊரே சிரிக்கும்.

அந்த ஏலக்காயைப் பறிக்க ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பைக் கழுவ என்ன ரேட்?

இங்கேதான் வேடிக்கை. வாட்டர் சர்வீஸ் கடைச் சுவரில் பெயிண்டால் எழுதியிருக்கும்: பைக் இவ்வளவு, ஆட்டோ இவ்வளவு, கார் இவ்வளவு, ஜீப் இவ்வளவு. வண்டி எங்கே போய்விட்டு வந்தது, அடியில் எவ்வளவு சேறு, கழுவ எவ்வளவு நேரம் ஆகும்... எதுவும் அதில் கிடையாது. அந்த ரேட்டாவது எப்படி வந்தது என்று கேட்டால், "பக்கத்துக் கடையில அதான் வாங்குறாங்க". பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டால் இவரைக் கை காட்டுவார்!

இதை விலை நிர்ணயம் என்று சொல்ல முடியாது, காப்பி அடிப்பது என்று வேண்டுமானால் சொல்லலாம். பரீட்சையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கார் 400 ரூபாய், ஜீப் 500. டவுனுக்குள்ளேயே ஓடுகிற காரைக் கழுவி முடிக்க 20 நிமிடம். குரங்கணிப் பக்கமோ போடிமெட்டுக்கு மேலேயோ மழைக்காலத்தில் தோட்டத்து மண் பாதையில் ஏறி இறங்கிய ஜீப்புக்கு 50 நிமிடம். அடியில் சேஸிஸ், மட்கார்டு உள்பக்கம், ஆக்ஸில் என்று செம்மண் அப்பிக் காய்ந்திருக்கும், ஒரு தடவை தண்ணீர் அடித்தால் அசையாது.

போர்டைப் பார்த்தால் ஜீப்தான் 100 ரூபாய் கூடக் கொடுக்கிறது. ஆனால் ராம்ப் ஒன்றுதானே இருக்கிறது? அந்த ராம்ப்பில் ஒரு மணி நேரம் கார்களாகக் கழுவினால் 1,200 ரூபாய். ஜீப்பாகக் கழுவினால் 600. போர்டில் அதிகம் கொடுப்பவர் ராம்ப்பில் பாதிதான் கொடுக்கிறார். பி.காம். காஸ்டிங் பேப்பரில் 'லிமிட்டிங் ஃபேக்டர்' என்று ஒரு பாடம் வரும். எது பற்றாக்குறையோ அதன் ஒரு அலகுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார், பொருளுக்கு எவ்வளவு என்று பார்க்காதே, அவ்வளவுதான் விஷயம். எல்லோரும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாடத்துக்கு வாட்டர் சர்வீஸை விட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

கடைக்காரர்கள் புலம்புவது எப்போதும் கரண்ட் பில்லைப் பற்றித்தான். அதையும் பார்த்துவிடலாம். பிரஷர் பம்ப்பின் வேலையைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: அழுத்தத்தை பார் அளவிலும் தண்ணீரை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்றும் எடுத்து, பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 150 பார், 15 லிட்டர் என்றால் 3.75, கிட்டத்தட்ட 5 எச்.பி. பம்ப், மோட்டார் இழப்பையும் சேர்த்து ஐந்து கிலோவாட் இழுக்கிறது என்றே வைத்தாலும் 50 நிமிடம் விடாமல் ஓடினால் நாலு யூனிட் சொச்சம். கமர்ஷியல் ரேட்டிலும் அது 500 ரூபாயைத் தின்கிற செலவு இல்லை. தண்ணீர்? 15 லிட்டர் வீதம் 20 நிமிடத்துக்கு 300 லிட்டர், 50 நிமிடத்துக்கு 750. சொந்த போர் இருக்கிறவர் இதைச் செலவாகவே எழுதுவதில்லை. கோடையில் போர் வற்றி டேங்கர் லாரிக்குக் காசு கொடுக்கும்போதுதான் தண்ணீருக்கும் விலை உண்டு என்பது ஞாபகத்துக்கு வருகிறது. மணல் கலந்த தண்ணீர் பம்ப்பின் சீலையும் நாசிலையும் அரிப்பது தனிக் கணக்கு. நாசில் ஓட்டை பெரிதானால் தண்ணீர் கூடப் போகும், அழுத்தம் குறையும், அதே சேற்றுக்கு இன்னும் பத்து நிமிடம் ஆகும்.

ஆக, பெரிய செலவு நேரம்தான். அந்த நேரம் முழுக்க ஈரத்தில் நிற்கிற பையனின் நேரமும் அதில் சேர்த்தி. வண்டிக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கூலி பேசியிருந்தால், சேற்று ஜீப் வந்து நிற்கும்போது அவன் மனசில் என்ன ஓடும்? 20 நிமிடக் காசுக்கு 50 நிமிடம் உழைக்க எந்தப் புத்திசாலியும் சம்மதிக்க மாட்டான். முதலாளியிடம் சண்டை போடவும் முடியாது. அதனால் மேலே பளபளவென்று அடித்து, ஷாம்பு நுரை போட்டுத் துடைத்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தை விட்டுவிடுவான். ரேட்டைக் கட்டுப்படுத்திய முதலாளிக்குப் பதிலாக வேலையைக் குறைத்து அவன் கணக்கை நேர் செய்கிறான்.

போடியிலிருந்து போடிமெட்டு போகும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிவதற்கு முன்னால் தோட்டத் தொழிலாளிகளை, அதில் பாதிக்கு மேல் பெண்களை, அடைத்துக்கொண்டு ஏறுகிற ஜீப்பின் பிரேக் லைனில் கசிவு இருந்தால் சேற்றுக்கு அடியில் அது எப்படித் தெரியும்? அடிப்பாகத்தைக் கழுவினால்தான் மெக்கானிக் கண்ணில் படும். சுவரில் எழுதின ஒரு ரேட்டின் வால் அவ்வளவு தூரம் நீள்கிறது.

"ரேட்டை ஏத்துனா அடுத்த கடைக்குப் போயிருவாங்கண்ணே" என்பதுதான் எல்லோரும் சொல்கிற பதில். போகட்டுமே! சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மலையிலிருந்து ஜீப்புகள் மொத்தமாக இறங்கும் நேரத்தில், சேற்று ஜீப் அடுத்த கடை ராம்ப்பை 50 நிமிடம் அடைத்துக்கொண்டு நிற்கும், இங்கே இரண்டரைக் கார் கழுவி முடிந்திருக்கும். நஷ்டம் யாருக்கு? ஆனால் ஒன்று, கார் எதுவும் காத்திருக்கவில்லை என்றால் இந்த வாதம் செல்லாது. சும்மா கிடக்கிற ராம்ப்புக்கு 500 ரூபாய் ஜீப்பும் வரவுதான். அதனால்தான் மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் ஒரே ரேட் இருப்பதும் தப்பு.

"ஜீப் டிரைவர் பாவம்" என்பது இரண்டாவது பதில். அவர் பாவம்தான். ஆனால் ஆள் ஏற்ற வாடகை கொடுப்பது தோட்டக்காரர் என்றால், சேறும் அவர் தோட்டத்துச் சேறுதானே? டீசலையும் டயரையும் வாடகையில் கணக்குப் பார்க்கிறவர்கள் கழுவுகிற செலவையும் பார்க்கலாம். இப்போது அதைக் கொடுப்பது அந்தச் சர்வீஸ் பையன்.

நேரத்துக்குக் காசு என்பது ஒன்றும் புதிசும் இல்லை. ஜேசிபி மணிக்கு இவ்வளவு. டிராக்டர் உழவு மணிக்கு இவ்வளவு. போர் போடுகிற வண்டி அடிக்கு இவ்வளவு, ஆழம் போகப் போக அடி ரேட் ஏறும். எந்த விவசாயியும் "தோட்டத்துக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட்டாச் சொல்லு" என்று ஜேசிபிக்காரரிடம் கேட்பதில்லை. அமெரிக்காவில் காசு போட்டுத் தாங்களே கழுவிக்கொள்ளும் இடங்களில் விற்பதே நிமிடங்களைத்தான்.

கல்யாண மண்டபத் தரை, ஸ்கூல் பஸ், டிராவல்ஸ் வண்டிகள் என்று மொத்தக் காண்ட்ராக்ட் பேசுகிறவர்களின் கதை இன்னும் மோசம். "எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம்" என்று வாயால் சொல்லிவிட்டு வருவார்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் அதில் 18 சதவீத வரி உள்ளடக்கமாகி 1,525 ரூபாய் அரசாங்கத்துக்கு. கையில் நிற்பது 8,475. இடத்தை நேரில் பார்க்காமல், பாசியா எண்ணெய்க் கறையா என்று தெரியாமல் சொன்ன தொகை அது.

போர்டை அழித்துவிட்டு எழுத வேண்டியது அதிகமில்லை. முதல் 20 நிமிடத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் இவ்வளவு, சாயங்காலம் நாலு முதல் ஏழு வரை தனி ரேட். பையனுக்கும் அதே நிமிடக் கணக்கில் கூலி. சுவரில் ஒரு கடிகாரம். கோடையில் மலைப்பாதை காய்ந்து, பறிப்பும் முடிந்து, ராம்ப் சும்மா கிடக்கிற மாசங்களில் தண்ணீர், கரண்ட், கூலிக்கு மேல் எது கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு தாராளமாகத் தள்ளுபடி கொடுக்கலாம். இப்போது அந்தத் தள்ளுபடியைக் கொடுப்பது ஐப்பசி மழையில், வரிசையில் ஆறு வண்டி நிற்கும்போது.