விதை யாருடையது, வழக்கு யாருக்கு?

காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நண்பர் ஒருவர் பத்திரிகையை மடித்து என்னிடம் நீட்டினார். "பாருங்க சார், ஹிமாசலத்துல கஞ்சாச் செடி பயிர் பண்ண அரசாங்கமே அனுமதி கொடுக்குதாம். கலி முத்திடுச்சு!" மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் காரணம் வேறு.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். செய்தியில் வருவது 'ஹெம்ப்'. நம் பத்திரிகைகள் இதைச் சணல் என்று எழுதிவிடுகின்றன. கோணிப்பை தைக்கும் சணல் வேறு. பசுந்தாள் உரத்துக்காக நம் வயலில் விதைத்து மடக்கி உழும் சணப்பு வேறு. ஹெம்ப் கஞ்சாவின் இனமேதான். ஆனால் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் அதில் மிகக் குறைவு. தண்டில் நார் கிடைக்கும், விதையில் எண்ணெய் கிடைக்கும். உத்தரகண்ட் மலைக்கிராமங்களில் இந்தச் செடியின் விதையை வறுத்துச் சட்னி அரைப்பது தலைமுறை தலைமுறையாக உள்ள பழக்கம். நாரில் கயிறும் திரிப்பார்கள். 2021-ல் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஹெம்ப் விதையையும் அதன் எண்ணெயையும் உணவாக ஏற்றுக்கொண்டது. ஆகவே கலி ஒன்றும் முற்றிவிடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் கஞ்சாச் செடிதான். போதை அதிகமா குறைவா என்ற கேள்வியே அதில் கிடையாது. அனுமதியின்றிப் பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு அனுமதி தரலாம் என்கிறது. இந்த வழியில் 2018-ல் முதலில் உரிமம் கொடுத்த மாநிலம் உத்தரகண்ட். நிபந்தனை, டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பயிரை அழித்துவிட வேண்டும்.

என் கோபம் இந்த 0.3 மேல்தான். 1976-ல் கனடாவின் எர்னஸ்ட் ஸ்மால், அமெரிக்காவின் ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் செடிகளை வகைபிரிப்பதற்காக வரைந்த கோடு அது. தாங்களாக வைத்துக்கொண்ட எல்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 0.2 என்று வைத்திருந்ததை 2023-ல் 0.3 ஆக்கியது. சுவிட்சர்லாந்தில் 1 சதவீதம் வரை அனுமதி. நாட்டுக்கு நாடு நகரும் கோடு, மலைச்சரிவில் அரை ஏக்கர் வைத்திருப்பவனுக்கு மட்டும் நகராது.

அந்த அளவை அவன் கண்ணால் பார்க்க முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். விதையின் குணத்தையும், வெயிலையும், பூ முதிர்ந்த பக்குவத்தையும் பொறுத்து அது கூடும், குறையும். விதையை விற்றவர் வேறு, சோதிப்பவர் வேறு. நஷ்டம் மட்டும் விவசாயிக்கு.

"கட்டுப்பாடே வேண்டாமா சார்?" என்று நண்பர் கேட்டார். நிச்சயம் வேண்டும். வயலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே செடியாகத்தான் தெரியும். ஹெம்ப் என்ற பெயரில் கஞ்சா வளர்ப்பவனும் இருப்பான். ஆனால் கட்டுப்பாட்டின் சுமை யார் தலையில் என்பதுதான் என் கேள்வி.

இதைக் கேட்க எனக்கு ஒரு காரணம் உண்டு. வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்தபோது காட்டாமணக்குக்குக் கடன் கொடுத்தோம். பயோ டீசல் வரப்போகிறது, வாங்க ஆள் தயார் என்றார்கள். நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டேன். வாங்க யாரும் வரவில்லை. அதே விவசாயிகளுக்கு வசூல் நோட்டீஸிலும் நானே கையெழுத்துப் போட்டேன். ஒரு பெரியவர் நோட்டீஸை வாங்கிக்கொண்டு, "நீங்கதானே சார் போடச் சொன்னீங்க" என்றார். இன்றுவரை என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

அதனால் சொல்கிறேன். சான்றளித்த விதையை அரசோ வேளாண் பல்கலைக்கழகமோ தரட்டும். அறுவடைக்கு முன்பே அரசுச் செலவில் சோதித்து, குறித்த நாளுக்குள் முடிவைச் சொல்லட்டும். சான்றளித்த விதையிலேயே அளவு கூடினால் வழக்கு கூடாது, இழப்பீடுதான் தர வேண்டும். போதை பூவில், நார் தண்டில். பூக்கதிரை அதிகாரி முன்னிலையில் எரித்துவிட்டுத் தண்டையாவது அவனுக்கு விடலாமே? நார் பிரிக்கும் ஆலைக்கு முதலில் உரிமம் கொடுத்து, கொள்முதல் ஒப்பந்தம் கையில் வந்த பிறகே வயலுக்கு உரிமம் கொடுக்கட்டும். கட்டுக்கட்டான தண்டை மலையிலிருந்து லாரியில் இறக்கினால் வாடகைக்கே கட்டாது.

ஹிமாசலம் இப்போதுதான் சோதனை முயற்சியில் இறங்கியிருக்கிறது. விதிகளை எழுதும்போதே இதையெல்லாம் எழுத இன்னும் நேரம் இருக்கிறது. விதி எழுதுகிற அதிகாரிக்கு ஓய்வூதியம் உண்டு. எனக்கும் மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது. அந்தப் பெரியவருக்கு அரை ஏக்கர்தான் இருந்தது.