போனைக் கொடுத்துவிடுங்கள், பணத்தைக் கேளுங்கள்



ஐ.டி. வேலை கிடைத்து கொல்கத்தா நியூ டவுனுக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் கைக்காசுக்கு ஏற்ப செகண்ட் ஹேண்ட் போன் தேடுகிறார்கள். கொல்கத்தாவின் சாந்தினி சௌக் கடைகளில் கிடைக்கிறது, பி.ஜி. அறையைக் காலிசெய்து ஊர் மாறுகிறவர்களிடமும் கிடைக்கிறது. சில மாதம் கழித்து எங்கோ ஒரு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வருகிறது: "நீங்க வச்சிருக்கறது திருட்டு போன்." காசு கொடுத்து வாங்கியவர் திருடியவரைப் போல நடுங்கிப்போகிறார். அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

2023 மே மாதம் வந்த, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பறிகொடுத்தவர் பதிந்ததும் அந்த போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. முடக்கப்படுகிறது. பிறகு யார் அதில் சிம் போட்டாலும் போலீசுக்குத் தகவல் போய்விடும். அழைப்பு வருவது இப்படித்தான்.

பயப்பட வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் வாங்குகிறவரைத்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு தண்டிக்கிறது. தெரியாமல் வாங்கியவர் குற்றவாளி அல்ல. அதேசமயம், 60,000 ரூபாய் போனைப் பெட்டியும் பில்லும் இல்லாமல் 12,000க்கு வாங்கியிருந்தால் "தெரியாது" என்ற சொல் எடுபடுவது கஷ்டம்.

போன் உரியவருக்குத்தான் போகும். விற்றவருக்கே இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது: விற்க உரிமையில்லாமல் விற்றவரிடம் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதே கொள்கையின்படி 1923இல் இங்கிலாந்தில் திருட்டு கார் என்று தெரியாமல் வாங்கிய ஒருவர், அது சில மாதம் பயன்பாட்டில் இருந்த பிறகும் முழு விலையையும் திரும்பப் பெற்றார். பயன்படுத்தியதற்காக ஒரு காசுகூட நீதிமன்றம் கழிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. விற்றது கடை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. தனிநபர் என்றால் மோசடிப் புகார், சிவில் வழக்கு.

அழைத்தவர் நிஜமாகவே போலீஸ்தானா என்று அந்த ஸ்டேஷனைத் தொடர்புகொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். போனை ஸ்டேஷனில் மட்டும் ஒப்படையுங்கள்; பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் சான்று வாங்காமல் வராதீர்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

வாங்குவதற்கு முன் விற்பவர் எதிரிலேயே *#06# அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் பெட்டியிலும் பில்லிலும் இருப்பதுதானா பாருங்கள். கே, ஒய், எம் என்ற ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று அடித்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். முடக்கப்பட்ட எண் என்று பதில் வந்தால் பேரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

லேப்டாப்புக்கு இந்த வசதி கிடையாது. அதற்கு முதல் பில்லும், விற்பவரின் கையெழுத்தும், யு.பி.ஐ.யில் பணம் போன பதிவும்தான் உங்களுக்குச் சாட்சி.

அன்புடன்,
ஆசிரியர்